மஞ்சள் பின்

பரணிலிருந்து பழைய கன்சோலை இறக்குகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கேபிள் போட்டா படம் நல்லா இருக்கும்?" நான் ஈசிஇ படித்துவிட்டு ஜாவா எழுதிச் சம்பாதிக்கிறவன். பழைய வீடியோ கேம் வாங்கிச் சேர்க்கிற ஆள் என்று அலுவலகத்தில் பெயர் பரவிவிட்டதால், மாதத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

புதிய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பிளேஸ்டேஷன் 5-இன் முதுகில் படம் வெளியே வர ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளைதான் இருக்கிறது. பழசுகளின் கதை வேறு. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் வைத்த வயரைத்தான் பெட்டியோடு கொடுத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 சந்தைக்கு வந்தது 2005-ல். அதில் எச்டிஎம்ஐ சேர்ந்தது 2007-ல். நின்டெண்டோ வீயில் அது கடைசிவரை வரவே இல்லை. ஆக, வீட்டில் இருக்கும் எல்இடி டிவிக்கும் பரணில் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் யாராவது மொழிபெயர்த்தாக வேண்டும்.

"எச்டிஎம்ஐதான் பெஸ்ட்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். அது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல டீ இடைவேளை போதாது.

*

மஞ்சள் பின்னில் வரும் சிக்னலுக்கு கம்போசிட் என்று பெயர். அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான என்டிஎஸ்சி தரம் 1953-ல் முடிவானது. ஏற்கெனவே லட்சக்கணக்கான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. புதிய ஒளிபரப்பு அவற்றிலும் தெரிய வேண்டும். யாரையும் பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்ல முடியாது. அதனால் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் பழைய சிக்னலை அப்படியே விட்டுவிட்டு, நிறத்தை 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றாக்கி அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். அந்த அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து அது என்ன நிறம் என்று தெரியும். அலையின் உயரத்தை வைத்து நிறம் எவ்வளவு அழுத்தம் என்று தெரியும். நமக்கு 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில் வண்ணம் வந்தது. நாம் எடுத்துக்கொண்டது ஜெர்மனியில் உருவான 'பால்' முறை. அதில் நிற அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். மற்றபடி தந்திரம் அதேதான்.

இதை நான் இப்படிச் சொல்வது வழக்கம். சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தால் அது கம்போசிட். வீட்டுக்கு வந்தபின் பிரித்து வைக்க வேண்டியது டிவியின் பாடு. எவ்வளவு நல்ல டிவியாக இருந்தாலும் சோற்றில் கொஞ்சம் சாம்பார் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகர்கிறதே, அது ஒட்டிய சாம்பார். எஸ்-வீடியோவில் வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இன்னொரு கம்பியிலும் தனித்தனியாக வரும். கம்போனென்ட் மூன்று அடுக்கு டிபன் கேரியர்: வெளிச்சத்துக்கு ஒன்று, நிற வேறுபாடுகளுக்கு இரண்டு.

கம்போனென்ட்டின் பின்கள் பச்சை, நீலம், சிவப்பாக இருப்பதால் அந்தந்த நிறம்தான் அதில் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பச்சையில் வருவது வெளிச்சம். அதை மட்டும் சொருகினால் முழுப் படமும் கறுப்பு வெள்ளையில் தெரியும். இப்போதைய சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். டிவியில் எந்த இன்புட் என்பதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, "கன்சோல் போயிடுச்சு, கலரே வரல" என்று என்னிடம் வந்தவர்கள் நான்கு பேர் இருப்பார்கள்.

*

ரெண்டு வருஷம் முன்னால் நான்கு நாள் தொடர் விடுமுறை வந்தபோது, வாய்ப்பேச்சு போதும், அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதற்குத் தோதான பெட்டி எக்ஸ்பாக்ஸ் 360-இன் 2010 மாடல். அதில் எச்டிஎம்ஐயும் உண்டு, கம்போனென்ட்டும் உண்டு. ஒரே சிப், ஒரே படம், வெளியேறும் வாசல் மட்டும் ரெண்டு.

அசையாத செட்டிங்ஸ் திரை ஒன்றை 720பி-யில் நிறுத்திவைத்து, கேப்சர் கார்டு வழியாகச் சுருக்காமல் பதிவு செய்தேன். முதலில் 200 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிள். அடுத்து, நண்பன் ஒருவன் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய தங்க முலாம் கேபிள். ஒரு படத்தை இன்னொரு படத்திலிருந்து பிக்சல் பிக்சலாகக் கழிக்கும் நிரலுக்கு பத்து வரி போதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விடை பூச்சியம். பூச்சியம் என்றால் கறுப்பு. 9,21,600 பிக்சல்கள். அத்தனையும் கறுப்பு. நண்பனுக்கு அந்தக் கறுப்புப் படத்தை அனுப்பிவைத்தேன். "தங்கம் போட்டா சவுண்டாவது நல்லா வரும்ல?" என்று பதில் வந்தது. ஒலியும் அதே கம்பியில் எண்களாகத்தான் போகிறது என்று சொல்ல மனசு வரவில்லை.

அடுத்து கம்போனென்ட். கேபிளை மாற்றவே இல்லை. ஒரே கேபிள், ஒரே திரை, ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு பதிவு. கழித்துப் பார்த்தால் கறுப்பு வரவில்லை. மெல்லிய மணலைத் தூவியது போல, 255-க்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் திரை முழுக்க வித்தியாசம். அனலாக் கம்பியில் போவது எண் கிடையாது, மின்னழுத்தம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடக் குறையத்தான் வந்து சேரும். காலேஜ் ஆய்வகத்தில் ஆசிலோஸ்கோப் முன்னால் நின்று நாய்ஸ் என்று படித்ததை, ஒரு படமாகப் பார்த்தது அன்றுதான்.

சரி, கண்ணுக்குத் தெரியுமா? மனைவியை எட்டடி தள்ளி சோபாவில் உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் பத்து முறை மாற்றி மாற்றிக் காட்டினேன். ஐந்து முறை சரியாகச் சொன்னாள். காசைச் சுண்டிவிட்டாலும் அவ்வளவுதான் வரும். ஆனால் டிவியின் பிளாக் லெவல் செட்டிங்கை ஒரு தட்டு மாற்றியதுமே, "ஐயோ, ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள். டிவி உலகில் கறுப்புக்கு எண் 16, வெள்ளைக்கு 235. கம்ப்யூட்டர் உலகில் 0 முதல் 255 வரை. கன்சோல் ஒரு கணக்கிலும் டிவி இன்னொரு கணக்கிலும் இருந்தால் கறுப்பு சாம்பலாகும், அல்லது இருட்டுக்குள் இருப்பதெல்லாம் காணாமல் போகும். 'எச்டிஎம்ஐ போட்டும் படம் சரியில்லை' என்கிற புலம்பல்களில் நான் நேரில் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு செட்டிங்கில் தீர்ந்தன. கேபிளுக்கு இதில் பங்கே இல்லை.

*

துளையின் வடிவத்தைப் பார்த்து இது டிஜிட்டல், இது அனலாக் என்று முடிவுகட்டவும் முடியாது.

பிளேஸ்டேஷன் 2-க்கு இப்போது எங்கும் கிடைக்கிற கட்டைவிரல் அளவு எச்டிஎம்ஐ அடாப்டரை எடுத்துக்கொள்வோம். கன்சோலிலிருந்து அதற்குள் போவது அனலாக்தான். அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை அளந்து எண்களாக்கி மறுபக்கம் தள்ளுகிறது. வெளியே எச்டிஎம்ஐ என்பதற்காக உள்ளே இல்லாத விவரம் எதுவும் புதிதாக முளைத்துவிடாது. கன்சோலின் செட்டிங்கில் ஆர்ஜிபி, கம்போனென்ட் இரண்டில் அடாப்டருக்கு எது வேண்டுமோ அதை வைக்கவில்லை என்றால் முகமெல்லாம் பச்சையாகத் தெரியும்.

இதற்கு நேர்மாறு, 2001-ல் வந்த நின்டெண்டோ கேம்கியூப். அதன் பின்னால் ஒரு டிஜிட்டல் துளை இருந்தது. அதில் சொருகும் கம்போனென்ட் கேபிளின் தலைக்குள்ளேயே எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப்பை வைத்திருந்தார்கள். அனலாக் கேபிள் என்று கடையில் விற்றதில் பாதி டிஜிட்டல். வாங்கியவர்கள் குறைவு என்று பின்னால் வந்த மாடலில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். சிப் இல்லாமல் அந்தக் கேபிளை நகல் எடுக்க முடியாது என்பதால், அது ரொம்ப காலம் சேகரிப்பாளர்கள் யானை விலை கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது.

*

அனலாக்கில் படம் கெட்டுப்போகிற விதத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடமெல்லாம் காலேஜுக்கு முன்னால் கிடைத்தது. சித்தப்பா தாராபுரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். கோடை விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். கடையில் ஒரு 'டிவி கேம்' உண்டு, மஞ்சள் கேசட் போடுகிற சைனா பெட்டி. ரிப்பேர் முடிந்த டிவியைச் சோதிக்க சித்தப்பா அதைத்தான் மாட்டுவார். அதனால் ஊரில் பழுதான டிவி எல்லாவற்றிலும் நான் கேம் விளையாடியிருக்கிறேன்.

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் படத்தைப் பார்ப்பார். திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு என்றால் வெர்டிகல் பக்கம் செத்திருக்கிறது. படம் பாம்பு போல நெளிந்தால் பவர் சப்ளையில் கண்டென்சர் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொன்று நின்றால் ஆன்டெனா. மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு இருந்தால், "பக்கத்துல ஸ்பீக்கர் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்பார். வைத்திருப்பார்கள். வட்டமாகச் சுற்றிய காயிலை எடுத்துத் திரைக்கு முன்னால் ரெண்டு சுற்று சுற்றுவார். காந்தம் போய்விடும், திட்டும் போய்விடும். டிவியைக் கொண்டுவந்தவர் மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"டிவி பொய் சொல்லாது கண்ணு. எங்க நோவுதுன்னு அதே சொல்லீரும்" என்பார்.

அனலாக்கின் குறைகளுக்கு இடமும் முகமும் உண்டு. சிக்னல் கொஞ்சம் கெட்டால் படமும் கொஞ்சம் கெடும், கெட்ட விதத்திலேயே காரணமும் இருக்கும். டிஜிட்டலில் அந்த நடுப்பகுதி மெலிந்துபோனது. எச்டிஎம்ஐ கேபிள் தாங்குகிற நீளத்தைத் தாண்டினால் முதலில் திரையில் வெள்ளைப் பொறிகள் பறக்கும். இன்னும் கொஞ்சம் போனால் படம் விட்டுவிட்டு வரும். அதன் பிறகு நீலத் திரையில் 'நோ சிக்னல்'. காரணம் கேபிளா, துளையா, இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொள்ளும் சடங்கு பாதியில் நின்றதா என்று அந்த நீலம் சொல்லாது. எல்சிடி டிவிகள் கடைக்கு வர ஆரம்பித்த காலத்தில் சித்தப்பா ஒருநாள் சொன்னார்: "இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? வந்தா வருது, வரலீன்னா போர்டை மாத்து. போர்டு வெலைக்குப் புது டிவியே வாங்கீரலாம்ங்கறாங்க." 2014-ல் கடையை மூடினார். இப்போது வீடுகளுக்கு கேமரா மாட்டுகிறார். அவர் கண் முப்பது வருஷம் கற்றுக்கொண்டதைக் கேட்கிற படம் இப்போது எந்த வீட்டிலும் ஓடவில்லை.

*

போன கோடையில் அக்கா மகன் வந்திருந்தான். பதினோரு வயசு. என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜப்பான் மெகா டிரைவ் ஒன்று இருக்கிறது. ஆர்ஜிபியும் கம்போசிட்டும் இரண்டுமே அதன் ஒரே துளையில் வரும், எதை எடுத்துக்கொள்வது என்பது கேபிளின் முடிவு. ஆர்ஜிபியை ஒரு ஸ்கேன் கன்வெர்ட்டருக்குக் கொடுத்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக எல்இடி டிவிக்கு விட்டிருந்தேன். கத்தி வைத்து வெட்டியது போல ஒவ்வொரு பிக்சலும் சதுரமாகத் தெரியும். 1991-ல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டத்தில் அருவி வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"மாமா, தண்ணி ஏன் சீப்பு மாதிரி இருக்கு?"

சீப்பு மாதிரிதான் இருந்தது. நெட்டுக்குத்தாக ஒரு கோடு நீலம், ஒரு கோடு காலி, ஒரு கோடு நீலம்.

மெகா டிரைவின் கையில் இருந்தது 512 நிறங்கள். ஒரு சமயத்தில் திரையில் காட்ட முடிந்தது 64 வரை. ஒரு படத்தின் ஊடே பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி இரண்டின் நிறத்தையும் கலந்து காட்டும் வசதி அதன் சிப்பில் இல்லை. அதனால் அருவியை ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கன்சோல் 320 பிக்சல் அகலத்தில் விநாடிக்குச் சுமார் 67 லட்சம் பிக்சல் அனுப்புகிறது. ஒன்று விட்டு ஒன்று என்றால் விநாடிக்குச் சுமார் 33.5 லட்சம் அதிர்வு. என்டிஎஸ்சி-யின் நிற அலையோ 35.8 லட்சம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. மஞ்சள் பின்னில் வந்த சிக்னலிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் டிவி, அருவியின் கோடுகளையும் நிறம் என்று நினைத்து அள்ளிவிடும். கோடுகள் கரைந்து, பின்னால் இருக்கும் பாறை தெரிகிற மெல்லிய நீர்த்திரையாகிவிடும். கோட்டை நிறம் என்று தப்பாக எடுத்துக்கொண்டதால் ஒரு வானவில் சாயலும் கூடவே வரும்.

இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. உள்ளறையில் 21 இஞ்ச் டப்பா டிவி இருக்கிறது. கன்சோலை அங்கே தூக்கிப்போய் மஞ்சள் பின்னைச் சொருகினேன். அதே அருவி வந்தது.

"அட, தண்ணி!" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ரெயின்போகூட இருக்கு மாமா."

இங்கேதான் 'எது நல்ல படம்' என்ற கேள்வி எனக்குக் கைநழுவுகிறது. சிப்பின் நினைவகத்தில் இருப்பதை ஒரு துளி மாறாமல் காட்டுவது ஆர்ஜிபி வழி. அது சீப்பு. அன்றைக்கு வீடுகளில் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது அருவி. வரைந்தவர்களும் குழாய் டிவிகள் மட்டுமே இருந்த காலத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள். வெள்ளித்திரைக்கு என்று எடுத்த படத்தை ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மதிப்பிட முடியுமா? கம்பியின் பலவீனத்தையும் சேர்த்துத்தான் அந்தப் படம் முடிகிறது. எழுத்து நிறைய வரும் கேம்களுக்கு இது பொருந்தாது. அங்கே கம்போசிட் கண்ணைக் குத்தும், ஆர்ஜிபியோ எஸ்-வீடியோவோதான் சுகம். ஆனால் அருவிக்கு மஞ்சள் பின்தான் சரி என்பது என் கட்சி.

டிஜிட்டல் கேபிள் முழு உண்மையைச் சொல்கிறது என்பதும் அப்படி ஒன்றும் கறார் இல்லை. நம் கண் வெளிச்சத்தின் விளிம்பைக் கூர்மையாகப் பார்க்கும். நிறத்தின் விளிம்பை அவ்வளவு கவனிக்காது. 1953-ல் இதைத் தெரிந்துதான், வெளிச்சத்துக்குக் கொடுத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிறத்துக்குக் கொடுக்கவில்லை. விநாடிக்கு 18 ஜிகாபிட் போகிற எச்டிஎம்ஐ 2.0-விலும் 4கே, 60 பிரேம், எச்டிஆர் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இடம் பற்றாது. அப்போதும் முதலில் குறைப்பது நிறத்தின் விவரத்தைத்தான். எழுபது வருடம் பழைய தந்திரம், எண்களுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேலை செய்கிறது.

*

கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 என்றால் எச்டிஎம்ஐ, சாதாரணக் கேபிளே போதும். டிவியில் கேம் மோடைப் போட்டு, பிளாக் லெவலைச் சரிபார்த்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 2, வீ என்றால் கம்போனென்ட். உங்கள் டிவியில் அந்தத் துளை இல்லை என்றால் மட்டும் அடாப்டர். அதற்கும் முந்தைய பெட்டிகள் அனுப்பும் 240 வரிப் படத்தை எல்இடி டிவிகள் பல, இன்டர்லேஸ் என்று நினைத்துக் குழப்பி, தாமதமாகவும் காட்டும். அவற்றுக்கு நல்ல ஸ்கேன் கன்வெர்ட்டர் வேண்டும், இல்லையென்றால் டப்பா டிவி. வீட்டில் டப்பா டிவி இன்னும் இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? குழாய் செய்யும் ஆலைகள் மூடியாயிற்று. ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே பூசிய பாஸ்பர் கொஞ்சம் தேய்கிறது. சீப்புப் படம் பிட்டுகளாகக் காலத்துக்கும் இருக்கும், அருவிதான் போய்விடும். அதனால் இன்று எமுலேட்டர்களில் ஷேடர் எழுதுகிறார்கள்: அந்தக் காலத்துக் கம்பியும் குழாயும் செய்த கலங்கலை கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போட்டு உண்டாக்கும் நிரல்கள். அப்படி ஒன்றை நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு டிவி சரியாக ஓடும்போது எப்படி இருக்கும் என்பதற்குப் புத்தகங்கள் கிடைக்கின்றன. எப்படியெல்லாம் கெடும் என்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவைக் கூப்பிடுகிறேன். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை நாற்பத்தொரு பழுதுகள் வந்திருக்கின்றன. "அதெதுக்குக் கண்ணு இப்ப?" என்று ஆரம்பத்தில் கேட்டவர், இப்போது வாரத்தின் நடுவில் அவராகவே கூப்பிட்டு, "இன்னொண்ணு விட்டுப்போச்சு, எழுதிக்கோ" என்கிறார். போன புதன்கிழமை வந்தது நாற்பத்தொன்றாவது: படம் போட்டதும் சிவப்பாக வரும், பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடும். அது ரிப்பேர் இல்லையாம். குழாய்க்கு வயசாகிவிட்டதாம், சூடேறும்வரை பொறுத்துக்கொண்டால் போதுமாம்.